சிகரெட் பெட்டியிலேயே இருந்த நம்பர்: 1800-11-2356 பற்றி ஒரு பெட்டிக்கடைக்காரி

திண்டுக்கல்லில் எனக்கு ஒரு பெட்டிக்கடை. பதினோரு வருஷமாக நடத்துகிறேன். வாழைப்பழம், கடலை மிட்டாய், ஷாம்பு பாக்கெட், ரீசார்ஜ், அப்புறம் சிகரெட், பீடி. இதையெல்லாம் விற்கிறவள், சிகரெட்டை விட உதவும் ஒரு சேவையைப் பற்றி விமர்சனம் எழுதுவதா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானும் சிரித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இது எங்கள் ஊருக்கே பொருத்தம்தான். பூட்டு, பிரியாணியோடு புகையிலைக்கும் பேர்போன ஊர். வேடசந்தூரில் புகையிலைக்கு என்றே மத்திய அரசு தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. என் அப்பாயி சாகும்வரை இடுப்புச் சுருக்குப் பையில் புகையிலைக் காம்பு வைத்திருந்தார். அதை யாரும் தப்பாகவே நினைத்ததில்லை.

கதை சிகரெட் கணக்கில் இருந்து ஆரம்பிக்கிறது. ராத்திரி கடை அடைக்கும்போது, சில்லறைக்கு என்று பிரித்து பிளாஸ்டிக் டப்பாவில் போட்ட சிகரெட்டை எண்ணுவேன். போன ஐப்பசியில் இருந்து கணக்கு இடிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் இரண்டு குறையும், ஒரு நாள் மூன்று. முதலில் என் கணவரைத்தான் சந்தேகப்பட்டேன். அவர் பீடிக்காரர், சிகரெட்டை "பஞ்சு" என்று கேலி பேசுகிறவர். பாவம், அவரிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் ஒரு நாள் டியூஷன் முடிந்து வந்த பெரியவன் மேல் கிராம்பு வாசம் அடித்தது. பிளஸ் டூ படிக்கிறான், 17 வயது. பிரியாணியில் கிராம்பு தட்டுப்பட்டால் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிற பையன். கிராம்பு வாங்கி மென்றுவிட்டு வீட்டுக்குப் போகிற பையன்களைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கா தெரியாது?

அன்றைக்கு வீட்டில் நடந்ததை விரிவாக எழுதப் பிடிக்கவில்லை. நான் கத்தினேன், அவர் கை நீட்டிவிட்டார். பையன் அழவில்லை. "நீ விக்கிறதைத்தானேம்மா நான் குடிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். நாலு நாள் வீட்டில் பேச்சில்லை.

அதற்கப்புறம் நான் செய்த முட்டாள்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். யாராவது ஒருவராவது காசு மிச்சம் பண்ணட்டும்.

முதலில் ஆன்லைனில் ஒரு மூலிகைப் பொடி. "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், சிகரெட், மது இரண்டையும் மறந்துவிடுவார்" என்று விளம்பரம். இரண்டு டப்பா 1,350 ரூபாய். பிரித்துப் பார்த்தால் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற விவரமே டப்பாவில் இல்லை. ஆனாலும் ரசத்தில் கலந்தேன். மூன்றாம் நாள் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த டப்பாவைப் பையன் பார்த்துவிட்டான். அதற்கப்புறம் இரண்டு வாரம் என் கையால் சாப்பிடவில்லை, எதிர் வீட்டில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில்தான் சாப்பாடு. அவன் சிகரெட் பிடித்ததை விட எனக்கு இதுதான் வலித்தது. என்ன இருக்கிறது என்று தெரியாத பொடியைப் பெற்ற பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. இதற்கு ஒரு ஸ்டார்கூடக் கிடையாது.

அடுத்து, ஒரு தனியார் மறுவாழ்வு இல்லம். பேர் வேண்டாம். போன் செய்தால் பையனுக்கு என்ன வயது, எத்தனை சிகரெட் என்று ஒரு கேள்வி இல்லை. "45 நாள் அட்மிஷன், நீங்க கூட்டிட்டு வர்றீங்களா, நாங்க ஆள் அனுப்பித் தூக்கிக்கிட்டு வரவா?" என்றார்கள். நாளைக்கு நாலைந்து சிகரெட் பிடிக்கிற பிளஸ் டூ பையனை ஆள் வைத்துத் தூக்குவதா? போனை வைத்துவிட்டேன். இப்படிப்பட்ட இடங்கள் எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. குடியால் உடம்பு கெட்டு, தங்கிச் சிகிச்சை எடுத்தே ஆகவேண்டும் என்ற நிலையில் இருக்கிறவர்களுக்கு நல்ல இடங்கள் இருக்கின்றன. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980-ல் இருந்து நடக்கிறது. எங்கள் பிரச்சனை அந்த அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது ஒரு ஆப். என் தங்கை மகள் போட்டுக் கொடுத்தாள். விட்ட நாளில் இருந்து எவ்வளவு பணம் மிச்சம் என்று அது கணக்குக் காட்டும். பையன் பார்த்துவிட்டு, "நான் எங்கம்மா காசு குடுத்து வாங்கினேன்? உன் டப்பாவுல இருந்துதானே எடுத்தேன்" என்றான். வாஸ்தவம்.

அப்புறம்தான் இந்த நம்பர்.

ஒரு மதியம், வியாபாரம் இல்லாத நேரம். புதுச் சரக்கை அடுக்கிக்கொண்டிருந்தேன். பெட்டியில் 85 சதவீத இடத்தை அந்தப் பயங்கரப் படம்தான் பிடித்திருக்கும், அதைப் பார்த்துப் பார்த்து நமக்குக் கண் மரத்துப்போய்விட்டது. படத்தின் கீழே ஆங்கிலத்தில், "இன்றே விடுங்கள், அழையுங்கள்" என்று ஒரு நம்பர். 2018 செப்டம்பரில் இருந்தே எல்லாப் பெட்டியிலும் அது இருக்கிறதாம். ஒரு நாளைக்கு இருபது பெட்டியாவது என் கை வழியாகப் போகும். ஒரு தடவைகூட நான் படித்ததில்லை.

கூப்பிட்டேன். கட்டணம் இல்லை. மத்திய சுகாதாரத் துறையின் சேவை. டெல்லியில் உள்ள வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 2016-ல் தொடங்கி, 2018-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை போன்ற இடங்களுக்கும் விரித்திருக்கிறார்கள். தென்னிந்திய மொழிகளுக்கு நிம்ஹான்ஸ்தான். எடுத்த பெண்ணின் தமிழில் லேசாகப் பெங்களூரு வாடை இருந்தது, ஆனால் நல்ல பொறுமை. நான் பத்து நிமிஷம் மூச்சு விடாமல் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிம்மா, தம்பி பேசுவாரா?" என்றார்.

நான் பேசுகிறேனே, நீங்கள் வழி சொல்லுங்கள், நான் அவனுக்குச் சொல்கிறேன் என்றேன். சிரித்தார். "விடப்போறது அவர்தானேம்மா. அவருக்கே விருப்பம் வந்து கூப்பிடட்டும். அப்போ நீங்க பக்கத்துல இருக்க வேணாம்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. பெற்றவள் நான், எனக்கே இடமில்லையா? பொடிக்காரனும் இல்லத்துக்காரரும் என்னை எவ்வளவு மரியாதையாகப் பேசினார்கள்! காசு கொடுக்கிறவள் நான் என்பதால்தான் அந்த மரியாதை என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. இந்த விமர்சனத்தில் நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். மற்ற எல்லோரும் அம்மாவுக்கு விற்றார்கள். இவர்கள் பையனோடு பேசினார்கள்.

எனக்கு என்று அவர் சொன்னது கொஞ்சம்தான். சட்டைப் பையைத் துழாவாதீர்கள். வாயை ஊதிக் காட்டச் சொல்லாதீர்கள். அத்தை மகனோடு ஒப்பிடாதீர்கள். நம்பரைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு முறை சொல்லுங்கள், அப்புறம் சும்மா இருங்கள். சும்மா இருப்பது என்பது என் ஜாதகத்திலேயே இல்லை. இருந்தாலும் சிகரெட் அட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் நம்பரை எழுதி, அவன் சார்ஜர் பக்கத்தில் வைத்தேன். "பள்ளிக்கூடத்துக்கோ போலீசுக்கோ போகாதாம்" என்று மட்டும் சொன்னேன். அவன் பயம் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது நாள் அந்த அட்டை அங்கேயே கிடந்தது. பத்தாம் நாள் மொட்டை மாடியில் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். துணி எடுக்கப் போனவள் பாதிப் படியிலேயே திரும்பிவிட்டேன். அன்றைக்கு மழை வந்து துணியெல்லாம் நனைந்தது.

என்ன பேசினார்கள் என்பது அவன் பிற்பாடு துண்டு துண்டாகச் சொன்னதுதான். எப்போது ஆரம்பித்தாய், ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட், யாரோடு, எந்த இடத்தில், இதற்கு முன் விட்டுப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். எழுந்து அரை மணிக்குள் தேவைப்பட்டால் பிடி பலமாக இருக்கிறது என்று அர்த்தமாம். இவனுக்கு முதல் சிகரெட்டே சாயங்காலம்தான், டியூஷன் முடிந்து டீக்கடையில் மூன்று நண்பர்களோடு. ஆரம்பித்தது பத்தாம் வகுப்பு லீவில். அதாவது நான் கண்டுபிடிப்பதற்கு ஒன்றரை வருஷம் முன்னால். கிராம்பு வாசத்தைக் கண்டுபிடித்தேன் என்று பீற்றிக்கொண்டேனே, அது இந்த லட்சணத்தில்தான்.

ஏன் விட வேண்டும் என்று நினைக்கிறாய் என்று கேட்டதற்கு அவன் புற்றுநோய் என்று சொல்லவில்லை. கபடியில் பாடிப் போகும்போது மூச்சு நிற்கவில்லை என்றிருக்கிறான். நான் ஒரு மாதமாகக் கேன்சர் கேன்சர் என்று தொண்டை கிழியக் கத்தினேன். 17 வயதுப் பையனுக்கு ஐம்பது வயதில் வரப்போகும் நோய் எங்கே உறைக்கும்? நாளைக்கு நடக்கப்போகும் மேட்ச்தான் உறைக்கும். அவர்கள் அந்த ஒரு காரணத்தையே பிடித்துக்கொண்டார்கள்.

விடும் தேதியையும் அவனே குறித்தான். அரையாண்டுத் தேர்வு முடிந்து, ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார்கள். டீக்கடை இல்லாத தெரு வழியாக வீட்டுக்கு வருவது, டீயை வீட்டில் குடிப்பது, மூன்று நண்பர்களில் ஒருவனிடமாவது முன்கூட்டியே சொல்லி வைப்பது. தவிப்பு வந்தால் செய்ய நாலு வேலை: கொஞ்சம் தள்ளிப் போடு, மூச்சை ஆழமாக இழுத்து விடு, தண்ணீர் குடி, வேறு ஏதாவது வேலையில் இறங்கு. ஐந்து பத்து நிமிஷத்தில் அலை இறங்கிவிடும் என்பதுதான் இதன் கணக்கு. கேட்கும்போது, இவ்வளவுதானா என்று எனக்கும் தோன்றியது.

முதல் மூன்று நாள் கஷ்டம். மூன்றாம் நாள் டிவி ரிமோட் சுவரில் அடிபட்டு இரண்டாகப் போனது. தூக்கமில்லை, மலச்சிக்கல், எதற்கெடுத்தாலும் எரிச்சல். இப்படி வரும், மூன்று நாலு நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக இறங்கும் என்று அவனிடம் முன்பே சொல்லியிருந்ததால் அவன் பயப்படவில்லை. ரிமோட்டுக்கு மன்னிப்புக் கேட்டான். வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று கடலை மிட்டாயாகத் தின்று தீர்த்தான். சிகரெட் கணக்கு நேராகிவிட்டது, கடலை மிட்டாய் கணக்கில் துண்டு விழுந்தது. இந்த நஷ்டத்தை நான் சந்தோஷமாக எழுதிக்கொண்டேன்.

இடையில் ஒரு அதிகப்பிரசங்கித்தனம் செய்தேன். மெடிக்கல் ஷாப்பில் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் ஒரு அட்டை வாங்கி வந்தேன். பையன் போனில் கேட்டபோது, 18 வயதுக்குக் கீழ் என்றால் டாக்டர் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீணாகப் போகிறதே என்று என் கணவர் ஒன்றை வாயில் போட்டு, பபிள்கம் மாதிரி அவக் அவக் என்று மென்றார். மிளகைக் கடித்த மாதிரி எரிகிறது என்று கத்தல், அரை மணி நேரம் விக்கல். மெதுவாக நாலைந்து தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்து ஓரம் ஒதுக்கி வைக்க வேண்டுமாம். அட்டையின் பின்னால் எழுதியிருந்ததை அப்புறம்தான் படித்தோம்.

நான் எதிர்பார்க்காத விஷயம், அவர்களே திரும்பக் கூப்பிட்டது. விடும் நாளன்று ஒரு அழைப்பு, அந்த வாரத்தில் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று. அரசாங்கத்தில் இருந்து போன் வந்து "தம்பி, எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறார்கள் என்பதே அவனுக்குப் பெருமை. மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் சறுக்கினான். பூப்பல்லக்கு பார்க்கப் போன ராத்திரி, இரண்டு சிகரெட். என்னிடம் சொல்லவில்லை, அவர்களிடம் சொன்னான். அவர்கள் திட்டவில்லையாம். எங்கே, யாரோடு, அப்போது மணி என்ன என்று கேட்டு, அடுத்த தடவை அந்த மாதிரிக் கூட்டத்தில் என்ன செய்யலாம் என்று பேசியிருக்கிறார்கள். நானாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன்.

அந்த ராத்திரி பீரும் குடித்திருக்கிறான் என்பது ஒரு வாரம் கழித்து வெளியே வந்தது. இந்த எண் புகையிலைக்கு மட்டும்தான் என்பதால், குடிக்கு வேறு எண் பார்க்க வேண்டியிருந்தது. 14446 என்று போதை மறுவாழ்வுக்கு ஒரு எண் இருக்கிறது. நாங்கள் கூப்பிட்டது 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரில் வந்த மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். ராத்திரி பத்து மணிக்கு அவனே பேசினான். "பீர் எல்லாம் சரக்கே இல்லம்மா" என்று என்னிடம் சொன்னவன், பேசி முடித்துவிட்டு நோட்டில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் 52 மில்லி ஆல்கஹால். 60 மில்லி பிராந்தியில், அதாவது ஒரு லார்ஜில், சுமார் 26 மில்லி. ஆக ஒரு பாட்டில் பீர் என்பது இரண்டு லார்ஜ். கணக்கில் தொண்ணூறு மார்க் வாங்குகிறவன், தானே போட்ட கணக்கை அவனால் மறுக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவனுக்கு மது விற்கக் கூடாது, அந்தப் பாட்டில் எப்படி வந்தது என்று கேட்டேன். நண்பனின் அண்ணன் வாங்கிக் கொடுத்தானாம். ஒவ்வொரு பையனுக்கும் இப்படி ஒரு அண்ணன் எங்கிருந்துதான் கிடைக்கிறானோ.

குறைகளுக்கு வருகிறேன். 1800-11-2356 காலை 8 முதல் ராத்திரி 8 வரைதான், திங்கள்கிழமை கிடையாது. இந்த வயதுப் பையன்கள் தனியாக இருப்பதும் தவிப்பதும் ராத்திரி பத்துக்கு மேல்தான். டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ் என்று போகிறவனுக்கு எட்டு மணிக்குள் மாடிக்குப் போவதே பாடு. நம்பரோடு இருக்கும் வரியும் ஆங்கிலம், என் கடைக்கு வரும் பெட்டிகளில் தமிழைக் காணோம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை என் டப்பாவில்தான் இருந்தது. பள்ளிக்கூடப் பையன் பெட்டியாக எங்கே வாங்குகிறான்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பெட்டியில் இருக்கும் படமும் நம்பரும் அவன் கண்ணில் படவே படாது. நாங்கள் பெட்டியைப் பிரித்துச் சில்லறையாகக் கொடுக்கும்போது, அந்த நம்பரை நாங்களே குப்பைக் கூடையில் போடுகிறோம். 2019-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் புகையிலையை ஏதோ ஒரு விதத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று வந்தது. ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் நாலு பேர். அந்த நாலு பேரும் எங்கள் மாதிரிக் கடைகளுக்குத்தான் வருகிறார்கள்.

18 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது என்று கடையில் போர்டு இருக்க வேண்டும். என் கடையிலும் இருந்தது, தொங்கும் ஷாம்பு சரங்களுக்குப் பின்னால். 2003 புகையிலைச் சட்டத்தில் இதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான். ஆனால் 2015-ல் வந்த சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவைப் பையன் போனில் காட்டினான். சிறுவர்களுக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் ஏழு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். காட்டிவிட்டு, "உள்ள போயிடாதம்மா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன், ஆனால் அடுத்த நாளே ஷாம்பு சரம் இடம் மாறியது.

"அப்பாவுக்கு வேணுமாம்" என்று வருகிறவனை இப்போது அப்பாவையே அனுப்பச் சொல்கிறேன். சில்லறை சிகரெட்டை அடியோடு நிறுத்திப் பார்த்தேன், இரண்டு வாரம் தாக்குப் பிடித்தேன். சிகரெட்டில் லாபம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் அதற்கு வருகிறவர்கள்தான் பிஸ்கட்டும் பழமும் வாங்குவார்கள். எல்லோரும் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். வீட்டு வாடகையும் கரன்ட் பில்லும் இருக்கிறதே, முகம் தெரிந்த பெரியவர்களுக்கு மட்டும் மறுபடி கொடுக்கிறேன். இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

நம்பருக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார். ராத்திரியும் எடுத்தால் ஐந்து. பையன் மாசிக்கு அப்புறம் தொடவில்லை என்கிறான், நம்புகிறேன், வாயை முகர்ந்து பார்ப்பதில்லை. என் கணவர் பதினோரு நாள் பீடியை விட்டார், இப்போது மறுபடி பிடிக்கிறார். ஆனால் வாசலுக்கு வெளியே போய்.

கடையில் லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்போம் இல்லையா, அதே கயிற்றில் ஒரு அட்டையையும் கோத்துவிட்டேன். 1800-11-2356, பெரிய எழுத்தில், தமிழில் "விடணும்னு தோணினா கூப்பிடுங்க" என்று. பற்றவைக்கிறவர் கையில் அது இடிக்கும். வாடிக்கையாளர்கள் "என்னக்கா, வியாபாரத்துல மண்ணு அள்ளிப் போட்டுக்கறீங்க" என்று கிண்டல் செய்கிறார்கள். போன வாரம் பார்த்தால் அட்டையில் பாதியைக் காணோம், நம்பர் இருந்த பாதி. புதிதாக ஒன்று எழுதி மாட்டியிருக்கிறேன்.